ஆழம் பார்க்கக் குதித்தவர்

ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. எங்கள் சேஃப்டி சாருக்காக அந்த நாலு வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு உடுத்துவார். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

ஒரகடம் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருஷங்களில் அவரிடம் மாட்டினேன். மண்ணூரைத் தாண்டி, கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஷெட்டுகளுக்கு நடுவில், ஃபைபர் படகு செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. கடல் எங்கேயோ இருக்க, படகை இங்கே செய்கிறார்களே என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ரிசார்ட் வைத்திருக்கிறவர்களும் ஏரியில் படகு விடுகிறவர்களும்தான் எங்கள் வாடிக்கை. வெள்ளை வெளேரென்று எட்டுப் பேர் உட்காருகிற படகு. பின்பக்கம் தரைக்கு அடியில் பெட்ரோல் இன்ஜின். அதற்கு மேலே ஒரு மூடி. நான் அங்கே இன்ஜின் ஃபிட்டர்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். சுற்றிலும் பட்டாசு வேலைதான். தீயோடு மட்டும் உறவு வேண்டாம் என்று அம்மா என்னை ஐடிஐ படிக்க வைத்து இந்தப் பக்கம் அனுப்பினாள். படகுக் கம்பெனி என்றதும் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைதானே என்று நினைத்துக்கொண்டாள். படகு எரியும் என்பது எனக்கே வந்த பிறகுதான் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவர் இந்த மகானுபாவர்தான்.

தினமும் குன்றத்தூரிலிருந்து பைக்கில் வருவார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல் சொகுசாக உட்கார்ந்து வரும். கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை உண்டு. அங்கே வண்டியை ஓரம் கட்டி, தலையைச் சீவி, ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு, கேட்டுக்குள் நுழையும்போது போருக்குப் போகிற ராஜா மாதிரி வருவார். டீக்கடையில் நிற்கிற எங்களைப் பார்த்தும் அவருக்குக் கூச்சம் வந்ததில்லை. நாங்கள் அவர் கணக்கில் ஆட்களே இல்லை. காரில் வந்து இறங்குகிறவர்கள்தான் ஆட்கள்.

ஆனால் பாடம் எடுத்தால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். சேர்ந்த முதல் வாரம் எங்களை உட்கார வைத்து அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பெட்ரோல் ஆவி புகை மாதிரி மேல போவாதுபா. தண்ணி மாதிரி கீழ எறங்கும். கார்ல ஒழுவுனா ரோட்டோட போயிடும். போட்ல எங்க போவும்? போட்டே ஒரு தொட்டிதான? அடியில போயி கம்முனு குந்திக்கினு இருக்கும். நீ வந்து சாவியத் திருவுனன்னா, அவ்ளோதான்."

பிறகு விரலை ஒவ்வொன்றாக மடக்குவார். "பெட்ரோல் ஊத்தசொல்ல ஒரு ஆளும் போட்ல இருக்கக் கூடாது. ஊத்தி முடிச்சியா, இன்ஜின் மூடியத் தொறந்து வெய்யி. ப்ளோயரைப் போட்டு நாலு நிமிசம் ஓடவுடு, உள்ள கீற ஆவியெல்லாம் வெளிய தள்ளிடும். அப்பால மூக்க வெச்சு மோந்து பாரு. வாடை வந்துச்சா, சாவியத் தொடாத. தீய அணைக்கிற சிலிண்டரு டிரைவர் கைக்கு எட்டணும். அத்த இன்ஜின் பக்கத்துல, மூடிக்கு உள்ள வெக்கறவன் மடையன். இன்னாத்துக்கு? நெருப்பு அங்கதான்பா புடிக்கும்!" லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் ஒன்று சொல்வார்: "சீட்டுக்கு அடியில இருந்தா அது மெத்தை. ஒடம்புல இருந்தாதான் ஜாக்கெட்டு."

எவ்வளவு சரியான பேச்சு! ஒரு வார்த்தை தப்பு கண்டுபிடிக்க முடியாது. நான் இன்றைக்கும் எந்தப் படகில் கை வைத்தாலும் இதைத்தான் செய்கிறேன். விஷயம் தெரியாமல் தப்பு செய்கிறவன் மேல் எனக்குக் கோபம் நிற்காது. இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை, கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வார்.

ஒரு தடவை தீயணைப்பு ஒத்திகை. வெளியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்திருந்தார்கள். ஒரு தட்டில் டீசலைக் கொளுத்தி, அதைச் சார் அணைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஷெட்டுக்குள் ஃபைபர் ஒட்டக் கலந்து வைத்திருந்த ரெசின் பசை பக்கெட் ஒன்று சூடேறிப் புகைய ஆரம்பித்தது. பசையை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் கூடிப்போனால் அப்படி ஆகும், விட்டால் பற்றிக்கொள்ளும். ஃபைபர் ஒட்டுகிற அக்கா ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு ஓடி, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே மண்ணில் கொண்டுபோய் வைத்தாள். கை கொப்பளித்துப்போனது.

ஆட்கள் போன பிறகு சார் அந்த அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார். "ட்ரில் நடந்துகினு இருக்கசொல்ல லைனை வுட்டு எதுக்கும்மா போன? போட்டோவுல பாரு, நடுவுல ஒரு ஆள் ஓடற மாதிரி கீது."

"நெசமாவே எரியப் போவுதுன்னு ஓடுனேன் சார்."

"ட்ரில் முடிஞ்சதும் சொல்லியிருக்கலாம்ல?"

அந்த அக்கா அவர் மூஞ்சியைப் பார்த்த பார்வையை ஒரு மனுஷன் வாங்கியிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். இவர் கைக்குட்டையால் சிலிண்டரைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது கற்பூரக் கதைக்கு வருகிறேன். படகு தயாரானதும் டிரெய்லரில் ஏற்றி ஊர் ஏரிக்குக் கொண்டுபோவோம். காலி டேங்க்கோடுதான் போகும். கரையில் வைத்துத்தான் பெட்ரோல் ஊற்றுவோம். ஊற்றியதும் பூஜை. வாங்குகிற பார்ட்டியும் முதலாளியும் நிற்க, பின்பக்கத்து இன்ஜின் மூடியின் மேல் ஒரு பூசணிக்காயை வைத்து, அதன் தலையில் கற்பூரம் ஏற்றி, தட்டிலும் கற்பூரம் காட்டிவிட்டு, அவர்களை ஏற்றி ஒரு சுற்று போய் வர வேண்டும். பூஜை யார் செய்வது? சேஃப்டி சார்தான். பெட்ரோல் ஊற்றிய படகில் நெருப்பு கொளுத்துகிற வேலையைக் கம்பெனியில் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆரம்பத்தில் ஒரு தரம், பூஜை நடக்கும்போதே டிரைவர் முறைப்படி ப்ளோயரைப் போட்டுவிட்டான். அதன் காற்று பின்பக்கத்து ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். சார் கையிலிருந்த தட்டில் கற்பூரம் பொசுக்கென்று அணைந்துபோனது. முதலாளி முகம் சுருங்கியது. பெட்ரோல் ஆவியைத் தள்ளுகிற காற்றுக்கு எதிரே நெருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், அணைந்ததே புண்ணியம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இவர் என்ன செய்தார் தெரியுமா? "கற்பூரம் அணைஞ்சா அபசகுனம். இனிமே பூஜை முடியற வரைக்கும் ப்ளோயர் போடக் கூடாது. மூடியும் தொறக்கக் கூடாது" என்று சட்டம் போட்டார். பூஜை முடிந்ததும் பார்ட்டி ஏறிவிடுவார்கள், நல்ல நேரம் போய்விடும் என்று அவசரப்படுவார்கள். ஆக, ப்ளோயர் போடுவதே நின்றுபோனது. அதற்குப் பிறகு நிறையப் படகுகள் ஒன்றும் ஆகாமல் போய் வந்தன. அதுவே அவருக்குச் சான்றாகிவிட்டது.

அந்த டிரைவர் செல்வம். மண்ணூர்க்காரன். ஏரியிலேயே நீந்தி வளர்ந்தவன் என்பதால் ட்ரையலுக்கு அவனைத்தான் போடுவார்கள். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் பர்மனென்ட் வேலைக்குப் பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் தேறிவிட்டான். மெடிக்கல் மட்டும் பாக்கி. அந்தப் பக்கத்தில் பர்மனென்ட் என்றால் என்ன என்பது கான்ட்ராக்டில் கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

"இன்னும் ஒண்ணு ரெண்டு போட்டுதான் மச்சி. அப்பால இந்தாளு மூஞ்சிலயே முழிக்க வேணாம்" என்பான்.

"அதுவரைக்கும் பாத்துப் போ மாப்ள. அந்த ஆளு சொல்லுதாருன்னு சாவியைத் திருப்பிராத."

"வுடு மச்சி. இத்தினி நாளு ஒண்ணும் ஆவலையே."

அவனுக்கும் அந்த நோய் தொற்றியிருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

அன்றைக்கு வந்த பார்ட்டி ஒரு ரிசார்ட்காரர். மனைவியும் சின்னப் பெண் குழந்தையும் கூட வந்திருந்தார்கள். சார் படகை ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் சீட் பக்கத்தில் மாட்டியிருந்த சிலிண்டர் அவர் கண்ணை உறுத்தியது. "வெள்ளை போட்ல செவப்பா, மூஞ்சில பரு மாதிரி கீது. போட்டோ எடுக்கப் போறாங்கோ. அத்த உள்ள வெய்யி" என்றார். உள்ளே என்றால் இன்ஜின் மூடிக்கு உள்ளே. தன் வாயால் மடையன் என்று சொன்ன வேலையைத் தானே செய்யச் சொன்னார். லைஃப் ஜாக்கெட்டுகள் பாலிதீன் உறை பிரிக்காமல் சீட்டுக்கு அடியில் மெத்தையாகக் கிடந்தன.

பெட்ரோல் ஊற்றியாயிற்று. பூஜை ஆயிற்று. பார்ட்டி ஏறி உட்கார்ந்தார்கள். அப்போது முதலாளி, "நீங்களும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார், கெஸ்ட்டுக்குத் தைரியமா இருக்கும்" என்றார். சார் முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கெல்லாம் படகுப் பாதுகாப்பு சொன்ன மனுஷன் அதுவரை ஒரு படகிலும் கால் வைத்தது கிடையாது. முதலாளி சொல்லை மீற முடியுமா? ஏறினார். ஏறியதும் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரே ஒரு ஜாக்கெட்டை உறை கிழித்து மாட்டிக்கொண்டார். "நமக்கும் வேணுமா?" என்று அந்தக் குழந்தையின் அம்மா கேட்டார். "உங்களுக்கு எதுக்கும்மா, சும்மா ஒரு ரவுண்டுதான். போட்டோல நல்லா இருக்காது" என்றார்.

நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டேன். செல்வத்தின் கை ப்ளோயர் சுவிட்சுக்குப் போனதைப் பார்த்தேன்.

"த, இன்னா பண்ற? பூசணிக்காய் மேல கற்பூரம் எரிஞ்சினு கீது, தெர்ல?"

"நாலு நிமிசம் சார்..."

"நேரமாவுதே" என்றார் ரிசார்ட்காரர், கடிகாரத்தைப் பார்த்து.

"எடுப்பா. எடுன்றேன்ல!"

செல்வம் சாவியைத் திருப்பினான். டமால் என்று ஒரே சத்தம். மூடி பூசணிக்காயோடு எகிறித் தண்ணீரில் விழுந்தது. இன்ஜின் குழியிலிருந்து தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. நான் படகைப் பிடிக்க ஓடுவதற்குள் தொபுக்கென்று ஒரு சத்தம். முதலில் குதித்தது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆரஞ்சு ஜாக்கெட்டோடு குப்புற விழுந்து, கையையும் காலையும் அடித்துக்கொண்டு, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்தினார்.

"சார், எந்திரிச்சு நில்லுங்க" என்றேன்.

நின்றார். தண்ணீர் அவர் பெல்ட்டைக்கூடத் தாண்டவில்லை.

செல்வம் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தான். ரிசார்ட்காரர் இறங்கினார். அந்த அம்மாவுக்குச் சேலை சீட்டில் சிக்கிக்கொண்டு இறங்க முடியவில்லை. சிலிண்டரோ நெருப்புக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. டேங்க்கிலிருந்து பெட்ரோல் இன்னும் வந்துகொண்டிருந்தது. அதை மூடுகிற வால்வு பின் சீட்டுக்கு அடியில், தீக்குப் பக்கத்தில். செல்வம் வலது கையை அந்தத் தீக்குள் விட்டு வால்வைத் திருப்பி மூடினான். மூடுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. அதற்குள் நான் அந்த அம்மாவை இழுத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டேன். கடைசியாக அவன் இறங்கினான். கத்தக்கூட இல்லை. கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மறுநாள் முதலாளி அறையில் விசாரணை. எல்லோருக்கும் முன்னால் ஏன் குதித்தீர்கள் என்று சாரைக் கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது.

"ஆழம் பாக்கத்தான் சார் குதிச்சேன். கெஸ்ட்ட எறக்கறதுக்கு முன்னாடி ஆழம் எவ்ளோன்னு தெரியணுமா, வேணாமா? அது சேஃப்டி ஆபீசர் டூட்டி."

முதலாளி தலையாட்டினார். இந்தப் பிறவியில் நான் கேட்ட பொய்களில் இதற்கு ஈடாக ஒன்று கிடையாது. சொன்ன ஆள் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார். பிறகு புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பாடத்தில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

சென்னையில் தீக்காய வார்டில் செல்வத்தைப் பார்க்க முதலாளியோடு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. முதலாளி காதில் விழுகிற மாதிரி கேட்டார்: "ப்ளோயர் போட்டியாபா?"

"நீங்கதான சார் வேணாம்னீங்கோ."

"நான் ஆயிரம் சொல்லுவேன்பா. போட்ல டிரைவர்தான் பொறுப்பு. சாவியத் திருவுனது உன் கைதான?"

தோள் வரைக்கும் துணி சுற்றி, தலையணை மேல் தூக்கி வைத்திருந்த கையைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். எனக்கு அந்தப் பழப் பையை அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போல் இருந்தது. அதைவிட மோசம், அவர்கள் போன பிறகு செல்வம் சொன்னது. "அந்தாளு சொல்றது கரெக்ட்டுதான் மச்சி. சாவியத் திருவாம நான் எறங்கியிருக்கணும்." உயிரைக் காப்பாற்றியவனை ஒரு நிமிஷத்தில் குற்றவாளி ஆக்கி, அவனையே ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டுப் போன ஆளை வேறு எந்த வார்த்தையால் சொல்வது? ஈனப்பிறவி.

காயம் ஆறிய பிறகு கார் கம்பெனியில் மெடிக்கலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் வலது கையை மூடச் சொன்னாராம். மூன்று விரல் மடங்கவில்லை. மறுபடி முயற்சி செய்யச் சொன்னாராம். அவ்வளவுதான், பர்மனென்ட் போய்விட்டது. எங்கள் முதலாளி மனசு இரங்கி அவனைக் கேட்டில் உட்கார வைத்தார். தினமும் காலையில் ஹெல்மெட்டோடு உள்ளே வருகிற சாருக்கு அவன் இடது கையால் சல்யூட் அடிக்க வேண்டும்.

கொஞ்ச நாள் எல்லாம் முறையாக நடந்தது. மூடி திறந்தது, ப்ளோயர் ஓடியது, பூஜை கரையோடு நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் பூசணிக்காய் மறுபடி மூடிமேல் ஏறிவிட்டது. ஒரு வயதான தம்பதி, புதிதாகப் படகுத்துறை ஆரம்பிக்கிறவர்கள், படகை எடுக்க வந்திருந்தார்கள். இந்தத் தடவை டிரைவர் நான்.

பெட்ரோல் ஊற்றியாயிற்று. மூடி மூடியே இருந்தது. ப்ளோயர் பேச்சை எடுத்தேன். "அப்பால போட்டுக்கலாம்" என்றார். கற்பூரம் எரிந்து முடிந்தது. சார் தட்டோடு நின்று, "ஏறுங்க சார், ஏறுங்கம்மா. நூறு பர்சென்ட் சேஃப்டி" என்று பல்லைக் காட்டினார். அந்த அம்மா பலகையில் ஒரு காலை வைத்தார்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு படகிலிருந்து கரைக்கு இறங்கினேன். வேலை போனால் போகட்டும், கை போகக்கூடாது என்று தோன்றியது.

"முதல்ல நீங்க ஏறி உக்காருங்க சார். நீங்க உக்காந்ததும் நான் வந்து ஸ்டார்ட் பண்ணுதேன்."

"நான் எதுக்குபா? எனக்கு ஆபீஸ்ல வேல கீது."

"ஒரே ஒரு ரவுண்டுதான் சார். நூறு பர்சென்ட்னு நீங்கதான சொன்னீங்க."

முதலாளி என்னை முறைத்தார். நான் அசையவில்லை. பெரியவர் சாரைப் பார்த்தார். பலகையில் கால் வைத்திருந்த அந்த அம்மாவும் சாரைத்தான் பார்த்தார். சார் படகைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆடிட்டுக்கு ஆள் வந்துட்டாங்கோ போலகீது" என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, தட்டைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த அம்மா பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

கற்பூரம் முழுசாக அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டேன். பூசணிக்காயைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே அடைந்து கிடந்த பெட்ரோல் வாடை கரை வரைக்கும் வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கணவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சார் அதற்குள் ஏரிக்கரை மேல் ஏறி, பாதித் தூரம் போய்விட்டிருந்தார்.